கணக்கு தெரியாதபோது

2016 ஜனவரியில் எல் சால்வடார் அரசு தன் நாட்டுப் பெண்களுக்கு ஓர் அறிவுரை சொன்னது: 2018 வரை கருத்தரிக்காதீர்கள். ஜிகா வைரஸ் பரவிய பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறப்பதாகச் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். எந்தக் காரணத்துக்காகவும் கருக்கலைப்பை அனுமதிக்காத நாடு எல் சால்வடார்.

அறிவுரைக்குப் பின்னாலிருந்த தரவைப் பார்ப்போம். அம்மாத இறுதிவரை பிரேசில் பதிவுசெய்த சந்தேகப் பாதிப்புகள் 4,180. ஆராய்ந்து முடித்தவை 732 மட்டும். அவற்றில் 270 உறுதியாயின, 462 தள்ளுபடியாயின. ஜிகா தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு அறிகுறியே இருக்காது; அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ரத்தப் பரிசோதனையோ டெங்குவையும் ஜிகாவையும் குழப்பிக்கொண்டது. ஜிகாவைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியே பிரேசிலில் 2016 பிப்ரவரியில்தான் வந்தது. எத்தனை கர்ப்பிணிகளுக்குத் தொற்றியது என்று தெரியாமல், ஒரு கர்ப்பிணியின் சிசுவுக்கு ஆபத்து எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

என்னை மிகவும் உறுத்துவது அளவுநாடா. நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவுக்கு முதலில் 33 செ.மீ. என்றார்கள், 2015 டிசம்பரில் 32 ஆக்கினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்பு. பெண் சிசுவின் தலை இயல்பிலேயே சற்றுச் சிறியது (பிரசவ வார்டு ஆயாவைக் கேட்டாலே சொல்வார்). நலமான பெண் குழந்தைகளே கூடுதலாகச் சந்தேகப் பட்டியலில் ஏறக்கூடிய ஏற்பாடு இது. ஆணுக்கு 31.9, பெண்ணுக்கு 31.5 என்று பிரித்தது 2016 மார்ச்சில். மறுபுறம், மூளை பாதிக்கப்பட்டும் தலை அளவு சரியாக இருந்த குழந்தைகள் விடுபட்டன. உறுதியான அல்லது பெரிதும் சாத்தியமான பாதிப்புகளில் ஐந்தில் ஒன்று அப்படிப்பட்டது என்று பின்னர் லான்செட் இதழின் ஆய்வு காட்டியது.

கொள்ளைநோய்க் காலத்தில் முழுத் தரவுக்காகக் காத்திருக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராத வீடுகளில் பெண்கள் பீப்பாய்களில் நீர் சேர்த்து வைப்பதும் புதிய செய்தி இல்லை. தெளிவாகத் தெரிந்த இந்த இடத்தில் செய்ய வேண்டியது செலவு பிடிக்கும். தெளிவில்லாத இடத்தில் பெண்ணுக்குக் கட்டளையிட ஓர் அறிக்கை போதும்.

ஆபத்தை முதலில் உணர்ந்தது எந்தப் பதிவேடும் இல்லை. 2015இல் ரெசிஃபெ நகரின் குழந்தை நரம்பியல் மருத்துவர் வனெஸ்ஸா வான் டெர் லிண்டனும், அதே துறை மருத்துவரான அவருடைய தாயும், ஒரே மாதிரிக் குழந்தைகளைத் தாங்கள் இருவருமே பார்த்துவருவதைத் தமக்குள் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது.