பதினாறரை மில்லிமீட்டர்

மாடல் ரயில் கட்டுகிற இருவர் முதன்முறை சந்தித்தால், ஊர் பேர் விசாரிப்பதற்கு முன்பே 'என்ன கேஜ்?' என்று கேட்டுக்கொள்வார்கள். பதில் ஒரு எண்ணாக வரும்: 32, 16.5, 9, 6.5. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். அவர் எந்த நாட்டு வண்டிகளை ஓட்டுகிறார், எத்தனை பெரிய அறை வைத்திருக்கிறார், வாங்கி ஓட்டுபவரா, அறுத்து மாற்றுபவரா என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணிலிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும். உண்மை ரயிலை அப்படியே சிறிதாக்க யாராலும் முடிந்ததில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் மரபுகள் பிரிந்தன. ஒவ்வொரு மரபையும் அது விட்டுக்கொடுத்ததை வைத்தே அடையாளம் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் தகரப் பொம்மைக்காரர்கள் ஆளுக்கோர் அகலத்தில் ரயில் செய்துகொண்டிருந்தார்கள். 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனம் எண்ணிட்ட அகலங்களைக் கொண்டுவந்தது. பாதைத் துண்டுகளைப் பிற்பாடு வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொள்ளவும் வழி செய்தது. 1 என்ற எண்ணுக்கு 45 மி.மீ. அதைவிடச் சிறியது பிறகு வந்தபோது அதற்கு 0 என்று எண் கொடுத்தார்கள். அது 32 மி.மீ. இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் நகரத்து பாஸெட்-லோக்கும் அவருக்கு வடிவமைத்துக் கொடுத்த பொறியாளர் ஹென்றி கிரீன்லியும் பொம்மையை மாடலாக உயர்த்தினார்கள். லிவர்பூலில் மெக்கானோ கண்ட ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் ரயிலுக்கு வந்தார்.

32 மி.மீ. பாதைக்குப் பெரிய கூடம் வேண்டும். அதில் பாதியாக்கினால் சாப்பாட்டு மேஜையிலேயே ஓட்டலாம் என்று 1922இல் நியூரம்பர்க் நகரத்து பிங் நிறுவனத்தின் மேஜை ரயில் காட்டியது. அந்தப் பாதி அகலம் 16.5 மி.மீ. என்று நிலைத்தது. இன்று உலகத்தில் அதிகம் ஓடும் மாடல் ரயில் அதன்மேல்தான் ஓடுகிறது. அதிகமான சண்டையும் அதைப் பற்றித்தான்.

சண்டைக்குக் காரணம் எளிது. உலகத்தின் பெரும்பகுதியில் பாதையின் அகலம் 1435 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பின்பற்றும் எச்ஓ அளவு இதுதான். கணக்கு சரியாக இருக்கிறது. பிரிட்டனின் ரயில்கள் மட்டும் உடம்பில் சிறியவை. ஆரம்ப காலத்தில் தோண்டிய சுரங்கங்களும் கட்டிய பாலங்களும் குறுகலானவை என்பதால் எஞ்சினும் பெட்டியும் ஒல்லியாகவே இருந்தன. 87இல் ஒரு பங்காகச் சிறுத்த பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அக்காலத்து மோட்டார் நுழையவில்லை. ஆகவே உடம்பை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று, அதாவது 76.2இல் ஒரு பங்காகப் பெருக்கிவிட்டு, பாதையை 16.5லேயே விட்டுவிட்டார்கள். இதுதான் ஓஓ. 1938இல் ஹார்ன்பி டப்ளோ இந்த அளவில் வந்ததும் அது தேச வழக்கமாகிவிட்டது.

76.2ஆல் 1435ஐ வகுத்தால் வரவேண்டியது 18.83 மி.மீ. 16.5 மி.மீ. பாதையைத் திரும்ப உண்மை அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் 1257 மி.மீ. வருகிறது. ஏறத்தாழ 7 அங்குலம் குறைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது; எதிரே நின்று எஞ்சினின் முகத்தைப் பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்பது கண்ணை உறுத்தும். அந்த உறுத்தலைத் தாங்காதவர்கள் 18 மி.மீ.க்குப் போனார்கள். ஈஎம் என்று பேர் கொண்ட இந்த மரபுக்கு 1955இல் தனிச் சங்கம் அமைந்தது. அகலம் பிறகு 18.2 ஆயிற்று. அதுவும் போதாது என்றவர்கள் 1960-களில் 18.83ஐயே வைத்துக்கொண்டார்கள். அது பி4.

பி4 மரபின் விதி கறாரானது. உண்மை ரயிலில் உள்ள ஒவ்வோர் அளவையும் 76.2ஆல் வகுக்க வேண்டும், சக்கர விளிம்பையும் சேர்த்து. உண்மைச் சக்கரத்தின் விளிம்பு சுமார் 30 மி.மீ. ஆழம், மாடலில் அது 0.4 மி.மீ. ஆகிவிடுகிறது. பழைய பொம்மை ரயிலின் விளிம்பு 1 மி.மீ.க்கும் மேல் இருக்கும். பாதை கோணலாக இருந்தாலும் பிடித்துக்கொண்டு ஓடும். 0.4 மி.மீ. விளிம்பு, பாதையில் ஒரு தாள் கனத்துக்கு மேடு இருந்தாலே ஏறி இறங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் அச்சும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி ஸ்பிரிங் வைக்க வேண்டும், அல்லது அச்சைத் தராசுபோல் நடுவில் தாங்கி ஆடவிட வேண்டும். இரண்டு மில்லிமீட்டரைச் சரிசெய்யப் போய் வண்டியின் அடிப்பகுதி முழுவதையும் புதிதாகக் கட்டவேண்டி வருகிறது.

எனக்கு ஈஎம் மரபின்மேல் மதிப்பு அதிகம். அகலத்தில் கண்ணுக்குத் தெரிகிற குறையை அது நீக்கிவிடுகிறது. விளிம்பைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டு, வண்டி தடம் புரளாமல் ஓட இடம் கொடுக்கிறது. மாற்றியமைக்கும் வேலையைக் கற்கவும் இதைவிட நல்ல பள்ளி இல்லை. கடையில் வாங்கிய கூட்ஸ் வேகனின் அச்சு இரு முனையும் ஊசியாகச் சீவப்பட்டு 26 மி.மீ. நீளத்தில் இருக்கும், அதை நெம்பி எடுத்துவிட்டு, அதே நீள அச்சில் சக்கரங்கள் அகன்று நிற்கும் ஜோடியைச் செருகினால் வேகன் மாறிவிட்டது. டீசல் எஞ்சினில் பல்சக்கரத்தோடு சேர்ந்த அச்சுகளை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். நீராவி எஞ்சின்தான் ஆளைச் சோதிக்கும். சக்கரங்கள் வெளியே நகர்ந்ததும் சக்கர மறைப்பில் உரசும், இணைப்புத் தண்டு சிலிண்டர் முனையில் இடிக்கும், பிரேக் கட்டைகள் தப்பான இடத்தில் நிற்கும். உள்ளே அரத்தால் ராவி, வெளியே பித்தளைத் தகட்டைப் பற்றவைத்து ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். தொழிற்சாலை எஞ்சினின் உட்கூறுகளை இந்த வேலையில் கற்பதுபோல் வேறெதிலும் கற்க முடியாது.

அகலத்தைவிட முக்கியமான இன்னோர் அளவு உண்டு: அச்சில் இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே உள்ள தூரம். ஓஓ-வுக்கு அது சுமார் 14.5 மி.மீ., ஈஎம்முக்கு 16.5. பாதை பிரியும் பாயிண்டை வண்டி கடக்கும்போது சக்கரத்தைச் சரியான பக்கம் இழுத்துப் போவது இந்தத் தூரம்தான். பெட்டியில் ஒரே கேஜ் எழுதியிருந்தும் ஒரு வண்டி நேர்பாதையில் ஓடிப் பாயிண்டில் புரண்டால், பத்துக்கு ஒன்பது முறை குற்றம் இங்கேதான் இருக்கும். அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு மில்வாக்கியில் கூடிய தேசிய மாடல் ரயில் சங்கம் முதலில் கையில் எடுத்த வேலையும் சக்கரம், பாதை ஆகியவற்றின் அளவுகளை ஒருமைப்படுத்துவதுதான். அந்தச் சங்கம் வெளியிட்ட உலோக அளவுகோலை நீட்டிப் பார்த்து, நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் திருத்து என்று சோதிக்கலாம். ஐரோப்பாவில் 1954இல் ஜெனோவாவில் பிறந்த மோரோப் கூட்டமைப்பு இதே வேலையைச் செய்தது. தண்டவாளத்தில் மின்சாரத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்து, ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிசிசி முறையும் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அமெரிக்கச் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக ஏற்றதால்தான் நிலைத்தது.

அகலச் சண்டையில் கலந்துகொள்ளாமலே மேதையானவர்களும் உண்டு. ஜான் ஏஹர்ன் 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய மேடர் வேலி ரயில்வே சாதாரண 16.5 மி.மீ.தான், ஊரும் கற்பனை. ஆனால் அதிலுள்ள வீடுகளும் மதுக்கடைகளும் இங்கிலாந்தில் உண்மையாக இருந்த கட்டடங்களைப் பார்த்துச் செய்தவை. ரயிலுக்குச் சுற்றிலும் ஓர் ஊர் வேண்டும் என்பதை நிலைநாட்டியவர் அவர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர், கூரைவேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறுவதைக் கண்டு வருந்தி, அவற்றை மாடலில் பதிந்துவைக்கப் புறப்பட்டார். 1954இல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் அவர் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகத்தில் அந்த வீடுகள் செங்கல் செங்கலாக நிற்கின்றன. ஏஹர்னின் மேடர் வேலியும் இப்போது அங்கேதான் இருக்கிறது. பாதிரியார் பீட்டர் டென்னி 18 மி.மீ.யில் கட்டிய பக்கிங்ஹாம் பாதையில் எஞ்சின், வீடு, சிக்னல் எல்லாம் அவர் கைவேலை. ஒரு நிலையத்தை இயக்கிவந்த மகன் கிரிஸ்பின் இல்லாத நேரங்களில் அவன் வேலையைச் செய்ய ஓர் இயந்திரமும் கட்டி, அதற்குத் 'தானியங்கி கிரிஸ்பின்' என்று பேர் வைத்தார்.

அமெரிக்கர்களுக்கு நிலவறைகள் பெரியவை. அவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். இந்த ரயில் எங்கே போகிறது, எதை ஏற்றிக்கொண்டு போகிறது? டெல்டா லைன்ஸ் கட்டிய ஃபிராங்க் எலிசன் மாடல் ரயிலை ஒரு நாடகமாகவே கண்டார்: வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணை கதை. கலிஃபோர்னியாவின் மான்ட்டரேயில் புகைப்படக் கலைஞர் ஜான் ஆலன் தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பி, புது வண்டிகளுக்குத் துருவும் புகைக்கறையும் பூசி, வயதாகித் தேய்ந்த ஒரு ரயில்வேயைப் படைத்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே தீப்பிடித்து அது அழிந்துபோனது. இன்று படங்களில்தான் இருக்கிறது. ஓஹையோவின் ஆலன் மக்லெலண்ட் தம் ரயில்வேயை நிலவறைக்கு வெளியே உள்ள நாட்டோடு இணைத்தார்: சரக்கு எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது. ஒரே ஒரு எஞ்சினில் நூறு நுணுக்கம் காட்டுவதைவிட, எல்லாவற்றையும் போதுமான ஒரே தரத்தில் வைப்பது மேல் என்பது அவர் கொள்கை. மரபு எதுவானாலும் எனக்கு இதுவே முதல் தரம். பி4 எஞ்சினை வைக்கோல் நிறத் தூள் தூவிய தரையில் நிறுத்தினால் எஞ்சினும் பொம்மையாகிவிடுகிறது.

ஜப்பானின் கதை பிரிட்டனுக்கு நேர் எதிர். அங்கே பெரும்பாலான பாதை 1067 மி.மீ. 9 மி.மீ. 'என்' (N) கேஜில் 150இல் ஒரு பங்காக வண்டி செய்கிறார்கள். பாதை 1350 மி.மீ.க்குச் சமமாகிறது, மிக அகலம். 80இல் ஒரு பங்கு வண்டிகளை 16.5லிருந்து 13 மி.மீ.க்குக் குறுக்கி மாற்றும் மரபு அங்கே உண்டு. பிரிட்டிஷ்காரர் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார், ஜப்பானியர் உள்ளே இழுக்கிறார்.

நம் அகலப்பாதை 1676 மி.மீ., அதாவது ஐந்தரை அடி. அடிக்கு 4 மி.மீ. என்று வைத்தால் சரியாக 22 மி.மீ. வரும்; எச்ஓ அளவில் 19.26. கடைகளில் கிடைப்பதோ 16.5. இந்திய வண்டியை எச்ஓ-வில் 16.5 மேல் வைத்தால் ஒன்பதரை அங்குலம் குறையும். ஓஓ-வில் வைத்தால் 16 அங்குலத்துக்கும் மேல். பிரிட்டிஷாரைக் குடைந்த 7 அங்குலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்திய வண்டி கட்டுபவர் ஓஓ-வின் பக்கம் போகக் கூடாது, எச்ஓ-தான் வழி. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1962இல் வந்திறங்கிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல், அமெரிக்காவின் ஆல்கோ வடிவம். சம இடைவெளி இல்லாத அதன் மூன்றச்சு போகி, அமெரிக்க ஆல்கோ மாடல்கள் பலவற்றில் எச்ஓ அளவிலேயே கிடைக்கிறது. மோட்டாரையும் போகியையும் அங்கிருந்து எடுத்து, உடம்பை பிளாஸ்டிக் தகட்டில் கட்டுவது நல்ல தொடக்கம். இடம்தான் சிக்கல்: 24 எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டிகள் கொண்ட ரயில் எச்ஓ-வில் ஆறரை மீட்டர் நீளும்.

அதனால் தமிழ்நாட்டில் தொடங்குபவருக்கு நான் சொல்வது மீட்டர் கேஜ். எச்ஓ-வில் அது 11.5 மி.மீ.; சுவிஸ் மலை ரயில்களுக்காக 12 மி.மீ. பாதை தயாராகவே விற்கிறது, அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நீலகிரி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை எஞ்சினே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்ததுதான். 1931இல் மின்சாரம் கண்ட எழும்பூர்-தாம்பரம் தடம், 1914ஆம் ஆண்டுப் பாம்பன் பாலம் என்று கட்டுவதற்குக் குறைவில்லை. பாம்பன் பாலத்தை முழுதாகக் கட்டினால் 24 மீட்டர் போகும். கண்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆனால் ஒரு கண்ணின் 14 செ.மீ. அளவில் கை வைக்கக் கூடாது.

தனி அறை இல்லாதவர்களுக்கு ஜெர்மனியின் ஃபிரெமோ குழுவினர் காட்டிய வழி பொருந்தும்: ஆளுக்கொரு பலகை வீட்டில் கட்டி, விடுமுறையில் ஒரு மண்டபத்தில் கொண்டுவந்து கோப்பது. அதற்குப் பலகை முனையின் அகலம், தரையிலிருந்து தண்டவாளத்தின் உயரம், முனையில் பாதை நிற்கும் இடம், மின்கம்பி இணைப்பு ஆகியவற்றை முதலில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அகலப்பாதைப் பலகைகளும் சேரும் என்றால் 16.5ஆ 19.26ஆ என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பாயிண்டுகளைப் பதித்து ஜல்லி ஒட்டிய பிறகு அதை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் பெயர்த்தெடுக்க வேண்டிவரும்.