பிப்பின் இரு மௌனங்கள்

இளைஞன் ஒருவனின் மனவளர்ச்சியைப் பொருளாகக் கொண்ட நாவல்களுள் சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ தனிச் சிறப்புடையது. 1860 டிசெம்பர் முதல் 1861 ஓகஸ்ற் வரை அவர் நடத்திய வார இதழில் தொடராக வெளிவந்த இந்நாவலை மாணாக்கரோடு ஆராயப்புகின், கதைத்தலைவனாகிய பிப் செய்த பெருந்தவறு யாது என்னும் வினாவே முதலில் எழும். களவு என்பர் பலர். அவ்விடை பொருந்துவதன்று.

சிறைக்கப்பலிலிருந்து தப்பிய கைதி மக்விச் அச்சுறுத்தவே, சிறுவன் பிப் தன் தமக்கையின் வீட்டிலிருந்து உணவையும், அவள் கணவனாகிய கொல்லன் ஜோவின் அரத்தையும் திருடிக் கொடுக்கின்றான். அச்சத்தால் விளைந்த செயலாதலின் இதனை மன்னிக்கலாம். பின்னர்ப் படைவீரரிடம் அகப்பட்ட மக்விச், கொல்லன் வீட்டில் உணவு திருடியவன் தானே எனப் பொய் கூறிச் சிறுவனைக் காப்பாற்றுகின்றான். பசித்தவன் உண்டதற்கு வருந்தேன் என்னும் கருத்துப்பட ஜோ விடையிறுத்து, பிப்பின் உடன்பாட்டையும் வேண்டுகின்றான். அவ்விருவரின் பெருந்தன்மைக்கு நடுவே சிறுவன் மட்டும் உண்மை கூற வாய்திறந்திலன். ஆபத்து நீங்கிய பின்னரும் அவன் ஜோவிடம் மறைத்தே ஒழுகுகின்றான். ஜோவின் நன்மதிப்பை இழந்துவிடுவோமோ என்ற எண்ணமே அவன் வாயை அடைத்தது. அன்பைக் காக்க விரும்பியே அன்புக்குரியவனை வஞ்சிக்கின்றான்.

பின்னாளில், யார் கொடுத்ததென அறியாத பொருளால் இலண்டனிற் கனவானாகிய பிப், தன்னைக் காணவந்த ஜோவைக் கண்டு நாணுகின்றான். இங்கே சட்டம் மீறப்படவில்லை, பொய்யும் இல்லை. எனினும் இதனினும் இழிந்த செயல் எதனையும் பிப் செய்ததாக யான் கருதவில்லை. களவைக் கண்டிக்கும் மாணவர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆங்கிலங் கற்று ஊரை மறந்தோரைக் கண்டு பழகியதனாற் போலும்!

அப்பொருளை அனுப்பியவன் மக்விச்சே. மீண்டால் மரணம் என்ற தண்டனையோடு நாடுகடத்தப்பட்ட அவன், பிப்பைக் காணும் ஆசையால் அவுஸ்திரேலியாவிலிருந்து மீண்டு, தேம்ஸ் நதியிற் பிடிபட்டுக் கடுங்காயமுறுகின்றான். அவன் உடைமை முழுவதும் அரசுக்குரியதாகின்றது. அதனை ஏற்பதில்லையெனப் பிப் முன்னரே துணிந்திருந்தமையால், இறுதிவரை அவன் அருகிருந்தமை ஊதியங் கருதியதன்று. பிப் கனவானாகவே வாழ்வான் என நம்பும் அம்முதியவனுக்குப் பொருள் பறிபோன செய்தியைப் பிப் தெரிவித்திலன். இதுவும் மௌனமே. முன்னது தன்னைக் காத்தது. பின்னது பிறனொருவனை அமைதியாக இறக்கவிட்டது.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யையும் வாய்மையோடு சேர்த்த வள்ளுவரை மாணாக்கர் இங்கு எடுத்துக்காட்டுவர். தக்கதே. ஆயினும், ஜோவிடம் மறைத்தபோதும் தான் நன்மையே நாடியதாகப் பிப் எண்ணியிருக்கலாமன்றோ?

டிக்கன்ஸ் இறுதியிற் பிப்புக்குச் சற்றுச் சலுகை காட்டிவிட்டார் என்றே தோன்றுகின்றது. மக்விச் தன் பொருளைப்பற்றி ஒருமுறையேனும் வினவுவதில்லை. தூக்குக் கயிற்றை முந்திக்கொண்டு சாவு அவனைக் கொண்டுபோகின்றது. அவன் நேர்முகமாக வினவியிருப்பின் பிப் யாது கூறியிருப்பான்? இவ்வினாவை வகுப்பில் எழுப்பிப் பார்க்கலாம். விடைகள் ஒருபடித்தாய் அமையா.