தனிக்குடித்தனம் போகும் புதுமை

பெரிய நிறுவனத்தில் ஒரு புதிய யோசனையைக் கொல்ல யாரும் அதை எதிர்க்க வேண்டியதில்லை. கொள்முதல், நிதி, சட்டம், தரம் என ஒவ்வொரு துறையும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும். கையெழுத்துகள் சேர்வதற்குள் போட்டியாளர் முந்தியிருப்பார். இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் மருந்து, ஒரு சிறு குழுவைத் தனிக்குடித்தனம் வைத்து, வழக்கமான விதிகளிலிருந்து அதற்கு விலக்குத் தருவது.

மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. 1943இல் லாக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜான்சன் அமைத்த குழு, எக்ஸ்பி-80 ஜெட் போர் விமானத்தை 143 நாட்களில் கட்டியது. பின்னர் 'ஸ்கங்க் ஒர்க்ஸ்' என்று பெயர் பெற்ற குழு இதுதான். ஜான்சன் வகுத்த 14 விதிகளில் முக்கியமானவை மூன்று: திட்டத் தலைவருக்கு ஏறக்குறைய முழு அதிகாரம், மிகக் குறைந்த ஆட்கள், மிகக் குறைந்த அறிக்கைகள். ஆனால் அந்த விமானத்துக்கு ராணுவம் என்ற வாடிக்கையாளர் முன்பே காத்திருந்தார். இந்த முறையைப் புகழ்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

வாடிக்கையாளர் காத்திராத இடத்தில் என்ன நடக்கும்? 1970இல் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோவில் நிறுவிய ஆய்வகம், 1973இலேயே சுட்டெலியும் சித்திரத் திரையும் கொண்ட ஆல்டோ கணினியை உருவாக்கியது. ஜெராக்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. அதே ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் வளர்த்தெடுத்த லேசர் அச்சுப்பொறியோ 1977இல் விற்பனைக்கு வந்து நல்ல வருவாய் ஈட்டியது. காரணம் எளிது: நகலெடுக்கும் இயந்திரம் விற்றவர்களே அதையும் விற்க முடிந்தது. ஆல்டோவுக்கோ வேறு வாடிக்கையாளர், வேறு விலை, வேறு விற்பனை முறை தேவைப்பட்டன. ஆக, தனிமை புதுமையைப் பிறப்பிக்கும். தாய் நிறுவனத்தை மாற்றாது.

வேகத்துக்கும் விலை உண்டு. 1980இல் ஐபிஎம் ஃபுளோரிடாவில் தனியாக அமைத்த குழு, ஏறத்தாழ ஓராண்டிலேயே பர்சனல் கம்ப்யூட்டரை முடித்து, 1981 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. இன்டெல் சில்லு, மைக்ரோசாஃப்ட் இயங்குதளம் என்று முக்கிய உறுப்புகளை வெளியிலிருந்து வாங்கியதே அந்த வேகத்தின் ரகசியம். அந்த இயங்குதளத்தைப் பிறருக்கும் விற்கும் உரிமை மைக்ரோசாஃப்டிடமே இருந்தது. காம்பேக் போன்ற நிறுவனங்கள் அதனுடன் ஒத்தியங்கும் கணினிகளோடு வந்தபோது, ஐபிஎம் தொடங்கிய சந்தையின் கடிவாளம் அதன் கையில் இல்லை. 2005இல் அந்தத் தொழிலே லெனோவோவுக்குக் கைமாறியது. இதற்குக் குழுவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வெளியில் வாங்காமல் ஓராண்டில் முடித்திருக்க முடியாது. ஆனால் நாம் சலித்துக்கொள்ளும் மெதுவான மேசைகளில் சில நல்ல கேள்விகளும் இருக்கின்றன. விலக்குத் தரும்போது அந்தக் கேள்விகளும் சேர்ந்தே விலகிவிடுகின்றன.

ஆகவே தனிக்குழு அமைக்கும் முன்பே தலைமை சிலவற்றைத் தீர்மானிக்க வேண்டும். பிறக்கப்போகும் பொருளை எந்தத் துறை ஏற்கும், யார் விற்பார், அதனால் எந்தப் பழைய வருவாய் குறையும்? இதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு விதியை நீக்கியதால்தான் அந்தப் பத்துப் பேர் வேகமாக ஓடினார்கள் என்றால், மற்றப் பத்தாயிரம் பேருக்கு அந்த விதி எதற்கு? அதைக் கேட்டுப் பார்க்கத் துணியாத நிறுவனம், தனிக்குழுவை எத்தனை முறை அமைத்தாலும் பழைய வேகத்தில்தான் நகரும்.