கேள்வி கேட்கிறவர்கள்

உத்தியோகப் பேட்டிக்குப் போகிறவன் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. கேள்வி கேட்கிறவர்கள் எப்படித் தயாராக வேண்டும் என்பது பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அப்படிக் கவலைப்பட்ட கலைஞர்கள் வங்காளத்தில் இருவர். கல்கத்தாவில் படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் அலைந்த காலத்தில் சத்யஜித் ரேயும் மிருணாள் சென்னும் எடுத்த மூன்று படங்களை, வேலை தேடுகிறவர்கள் ஒரு தடவையாவது பார்த்துவிடுவது நல்லது என்பேன்.

சென்னின் ‘இன்டர்வியூ’ 1971-ல் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் ரஞ்சித்துக்கு வேலை ஏறக்குறைய நிச்சயம். சூட் மட்டும் அணிந்து போனால் போதும். சலவைக் கடைகளில் வேலை நிறுத்தம். இரவல் வாங்கிய சூட்டும் பஸ்ஸில் தொலைந்து போகிறது. வேட்டி ஜிப்பாவோடு போகிறான், வேலை கிடைக்கவில்லை. கதை இவ்வளவுதான். ஆனால் கடைசியில் முகம் தெரியாத ரசிகன் ஒருவனின் குரல் இருட்டிலிருந்து அவனை விசாரிக்கிறது. படத்தில் உண்மையான பேட்டி அதுதான்.

ரேயின் ‘ஜன அரண்யா’வில் (1976) சந்திரனின் எடை என்ன என்று கேட்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. நல்ல கிண்டல்தான், ஆனால் சுலபமான கிண்டல். கேள்வியே அபத்தம் என்றால் குற்றம் யாருடையது என்று யோசிக்கிற சிரமம் நமக்கு இல்லை. ‘பிரதித்வந்தி’ (1970) அதைவிட உயர்ந்தது. அங்கே கேட்பது நல்ல கேள்வி: கடந்த பத்தாண்டில் மிக முக்கியமான நிகழ்ச்சி எது? வியத்நாம் யுத்தம் என்கிறான் சித்தார்த்தன். சந்திரனில் மனிதன் இறங்கியது பெரிதில்லையா என்கிறார்கள். விஞ்ஞானம் போன போக்கில் அது எதிர்பார்க்கக் கூடியதே, சாதாரண ஜனங்களின் எதிர்ப்புச் சக்தி அப்படியல்ல என்று காரணம் சொல்கிறான். உடனே, நீ கம்யூனிஸ்டா என்று அடுத்த கேள்வி. பிற்பாடு அவன் மேஜையைக் கவிழ்ப்பதைத்தான் பலரும் சிறப்பித்துச் சொல்கிறார்கள். எனக்கு இந்த இடமே பெரிதாகப் படுகிறது. மேஜை கவிழ வேண்டியதற்கான காரணமெல்லாம் இங்கேயே வந்துவிட்டது.

இன்று பேட்டி கம்ப்யூட்டர் திரைக்கும் வந்துவிட்டது. சூட்டின் இடத்தில் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர். சலவைக் கடை வேலை நிறுத்தத்தின் இடத்தில் அறுந்துபோகிற இன்டர்நெட். கேட்கிறவர்கள் தங்கள் காமிராவை அணைத்துக்கொண்டால் சென்னின் இருட்டுக் குரலேதான். ஆகவே தயாராகத்தான் வேண்டும். முந்தின நாளே காமிராவையும் மைக்கையும் சோதித்துக்கொள்வது, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருவது, தொடர்பு அறுந்தால் கூப்பிட ஒரு டெலிபோன் எண்ணைக் கேட்டு வைப்பது, நேரில் போவதானால் அரைமணி முன்னதாகவே போய்ச் சேருவது, செய்த வேலையை உதாரணத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எல்லாம் அவசியம்.

ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கமும் தயாரிப்பு வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பிடுகிற பேட்டி, மனம் போனபடி கேட்பதைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-ல் எழுதினார்கள். மத்திய சர்க்கார் 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பதவிகளுக்குப் பேட்டியையே எடுத்துவிட்டது. சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் அது வாசலாக இருக்கிறது என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

சந்திரன் என்று சொல்லியிருந்தால் சித்தார்த்தனுக்கு வேலை கிடைத்திருக்குமே என்பார்கள். கிடைத்திருக்கலாம். வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பையனிடம் அப்படிச் சொல்லாதே என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொல் என்று தூண்டவும் மனம் வரவில்லை. ரேயும் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. சித்தார்த்தனைக் கல்கத்தாவிலிருந்து பெயர்த்து, தூரத்துப் பாலூர்காட்டுக்கு மருந்துக் கம்பெனி விற்பனையாளனாக அனுப்பிவைக்கிறார். அவன் சொன்ன விடை மட்டும் இன்னும் நம்மோடு இருக்கிறது.