சிலைக்குள் வராத குடும்பம்

சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் 'உழைப்பாளர் சிலை' (1959) பற்றி நம் தோழர்கள் நிறையவே பேசியாயிற்று. நாலு ஆண்கள், ஒரு பெரும்பாறை, முறுக்கேறிய முதுகுகள். எனக்கு உள்ள சந்தேகம் வேறு. இந்த நாலு பேரும் சாயங்காலம் எங்கே போவார்கள்? யார் சோறு வடித்து வைத்திருப்பார்கள்?

குடும்பத்தையே சிலையாக்கியதும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டன்வாசிகளைக் குடியமர்த்த இங்கிலாந்து அரசு கட்டிய ஹார்லோ புதுநகருக்காக, ஹென்றி மூர் 1954-55இல் கல்லில் செதுக்கியது: அப்பா, அம்மா, ஒரு குழந்தை. வீட்டைக் கட்டித்தரும் அரசு, அதில் வாழவேண்டிய குடும்பத்தின் மாதிரியையும் கூடவே வழங்கிவிடுகிறது. சிவப்பு முக்கோணத்தோடு நம்மூர் ஆஸ்பத்திரிச் சுவர்களில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இது ஒன்றுவிட்ட உறவுதான். படத்தில் பார்க்கும்போதே அந்தக் கல்லின் கனம் நம்மை நிறுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் மூர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். அப்படிப்பட்டவர் செதுக்கிய கைகளில் வேலையின் தடயமே இல்லை.

மெரினாவில் குடும்பமில்லாத உழைப்பு, ஹார்லோவில் உழைப்பில்லாத குடும்பம். இந்தப் பிரிவினை யாருக்கு வசதி?

ஆம்பூர்ப் பக்கம் வந்து பாருங்கள். ஷூவின் அப்பரைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளை சோறு கேட்டால், 'இருடா, இந்த ஜோடி முடியட்டும்.' வாசல்படியே பட்டறை. இவளைச் செதுக்கினால் தாய் என்பதா, தொழிலாளி என்பதா? கம்பெனிப் பதிவேட்டில் இவளைத் தேடவேண்டாம். கேட்டால் புருஷனே சொல்வான், 'வூட்ல சும்மாதான் இருக்குது' என்று. மூரின் கல் மரியாதையாகச் சொல்வதும் அதைத்தான்.

இன்னொரு கோடியில், வீடென்று ஒன்று இங்கே இல்லாதவர்கள். 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கழிவுச்சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். வேலை செய்த இடத்திலேயே படுக்கை, பெண்டாட்டி பிள்ளை வேறு மாநிலத்தில். உழைப்பாளர் சிலையில் யாரும் படுத்துத் தூங்குவதில்லை. குடும்பச் சிலையிலோ இவர்களை உட்காரவைக்க ஆளே பக்கத்தில் இல்லை.