முகாமுக்குத் திரும்பியவர்கள்: ‘இந்தியன் சம்மர்’ படமும் நினைவேக்கத்தின் எல்லையும்

மைக் பைண்டர் எழுதி இயக்கிய ‘இந்தியன் சம்மர்’ 1993 ஏப்ரலில் திரைக்கு வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் காட்டில், ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது டமாக்வா என்னும் சிறுவர் கோடை முகாம். அதைப் பல்லாண்டு நடத்திவந்த முதியவர் லூ ஹேண்ட்லர் விடைபெற நினைக்கிறார். போவதற்கு முன், முகாமின் பொற்காலம் என்று அவர் கருதும் காலத்துப் பிள்ளைகளில் சிலரை, இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அழைத்து ஒரு வாரம் தங்க வைக்கிறார். வந்து சேர்பவர்கள் முப்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தி கணவனை இழந்தவள். ஒரு தம்பதிக்கு மணவாழ்க்கை சலித்துவிட்டது. ஒருவன் தன்னைவிட மிக இளைய பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக உடன் அழைத்து வந்திருக்கிறான். ஜாக் என்பவன் சிறுவயதில் லூவோடு ஏற்பட்ட மனக்கசப்பை இன்னும் சுமந்து திரிகிறான். இலையுதிர்காலத்தில், பிள்ளைகளெல்லாம் ஊர் திரும்பிவிட்ட வெறும் முகாமில் இவர்கள் மறுபடியும் பிள்ளைகளாகிக் குறும்பு செய்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மனம் விட்டுப் பேசுகிறார்கள். குளிர் தொடங்கிய பின் சில நாள் எட்டிப்பார்க்கும் இளவெயிலுக்கு வட அமெரிக்காவில் வழங்கும் பெயரைத்தான் படத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

கோடை முகாம் என்ற ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் இந்தப் படத்தின் உணர்ச்சி பிடிபடாது. 1861-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கன் என்ற பள்ளித் தலைவர் தம் மாணவர்களைக் கடற்கரைவரை நடத்திச் சென்று கூடாரமடித்துத் தங்க வைத்ததையே இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். நகரத்துப் பிள்ளை காட்டிலும் நீரிலும் உரம் பெற வேண்டும் என்ற எண்ணம் வலுத்த இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் முகாம்கள் பெருகின. ஒன்டாரியோவின் அல்கான்குவின் பூங்காவுக்குள் டெய்லர் ஸ்டாட்டன் 1921-இல் தொடங்கிய அமெக் முகாம் அவற்றுள் புகழ்பெற்றது. ஜூலையும் ஆகஸ்டும் பிள்ளைகளின் உலகம் அதுதான். பெற்றோர் கிடையாது. எட்டுப் பத்துப் பேர் ஒரே மரக்குடிலில் படுத்தெழுந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே ஏரியில் நீந்துகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே கூட்டம் கூடுகிறது. இப்படி ஆறேழு கோடைகள் போனால், பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் தெரியாத ஒரு பிள்ளையை அந்தக் குடில் நண்பர்கள் மட்டும் அறிந்திருப்பார்கள். நடுவயதில் ஒருவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும்போது பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே அதிகம் மேலெழும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் பலமுறை உறுதியானது. முகாம் நட்பு சரியாக அந்தப் பருவத்தில் விழுகிறது. அதனால்தான் முகாம் மறுகூடல், கல்லூரி மறுகூடலைவிட ஆழத்தில் தொடுகிறது. கல்லூரி நண்பன் ஒருவரது ஆசைகளை அறிவான்; முகாம் நண்பன் அவர் இருட்டுக்குப் பயந்ததை அறிவான்.

டமாக்வா கற்பனை முகாம் அன்று. அல்கான்குவின் பூங்காவின் சவுத் டீ ஏரிக்கரையில் 1936-இல் தொடங்கப்பட்டது அது. தொடங்கியவர்கள் இருவர்: டெட்ராய்ட் நகரக் குத்துச்சண்டை நடுவர் லூ ஹேண்ட்லர், கனூ என்னும் ஓடத்தை ஓட்டுவதில் கனடா முழுக்கப் பெயர் பெற்ற ஓமர் ஸ்ட்ரிங்கர். பைண்டர் டெட்ராய்ட்காரர், பிள்ளைப் பருவத்துக் கோடைகள் பலவற்றை அங்கேயே கழித்தவர். முகாமின் பெயரையும் நிறுவனரின் பெயரையும் மாற்றாமல், அந்த முகாமிலேயே படத்தை எடுத்தார். படத்தின் பெரும்பலம் இந்த முடிவில் இருக்கிறது. சாயம்போன குடில்களும், நீருக்குள் நீண்டு போகும் படகுத்துறையும், கவிழ்த்து வைத்த ஓடங்களும் படத்துக்காகச் செய்துவைத்தவை அல்ல. பின்னாளில் ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ படத்தை ஒளிப்பதிவு செய்த நியூட்டன் தாமஸ் சிகல், இங்கே ஏரியின் வெளிச்சத்தையும் சிவந்த மேப்பிள் இலைகளையும் அவசரமில்லாமல் காட்டுகிறார். இடத்தை நன்கு அறிந்த ஒருவர் எங்கே நின்று பார்ப்பாரோ அங்கே கேமரா நிற்கிறது.

ஸ்ட்ரிங்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கனூ முறையைக் கொஞ்சம் கவனித்தால், இத்தகைய முகாம் ஒருவரிடம் எதை விட்டுச் செல்கிறது என்பது விளங்கும். தனியாக ஓட்டுபவர் ஓடத்தின் நடுப்பகுதியில் ஒரு பக்கமாக முழந்தாளிடுவார். ஓடம் அந்தப் பக்கம் சாய்ந்து, அதன் விளிம்பு நீர்மட்டத்துக்கு வெகு அருகே வந்துவிடும். துடுப்பு ஒரே பக்கத்தில்தான் விழும். ஒவ்வொரு துடுப்பு வீச்சின் முடிவிலும் மணிக்கட்டை மெல்லத் திருப்பி ஓடத்தை நேர்வழியில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதில் இதைக் கற்றவர் நாற்பதிலும் மறப்பதில்லை. மனம் மறந்ததை முழங்காலும் மணிக்கட்டும் வைத்திருக்கின்றன. பைண்டருக்கு இது தெரிந்திருக்கிறது. ஆகவே அவரது பாத்திரங்கள் பழங்கதை பேசுவதோடு நிற்பதில்லை. ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், பிள்ளைகளுக்கான கட்டிலில் உடம்பைக் குறுக்கிப் படுக்கிறார்கள், இரவில் குடிலை விட்டு நழுவுகிறார்கள். வளர்ந்த உடம்பு சிறு பிள்ளையின் இடத்துக்குள் நுழையும்போது கொள்ளாமல் தவிப்பதில் படத்தின் நகைச்சுவையும் இருக்கிறது, துயரமும் இருக்கிறது. இந்தக் காட்சிகளே படத்தில் சிறந்தவை.

நடிப்பும் பலமே. லூவாக வரும் ஆலன் ஆர்கின் குரலை உயர்த்தாமலே முகாமை ஆள்கிறார். கனிவும் கண்டிப்பும் ஒரே முகத்தில் இருக்கின்றன. தன் காலம் முடிந்துவிட்டதை அறிந்த மனிதரின் களைப்பை அவர் வசனத்தைவிட நடையில் காட்டுகிறார். கணவனை இழந்த பெத் பாத்திரத்தில் டயான் லேன் அதிகம் பேசுவதில்லை; மற்றவர்கள் சிரிக்கும்போது அரை நொடி தாமதித்துச் சிரிக்கிறார். அந்தத் தாமதம் பல பக்க வசனத்துக்குச் சமம். ‘ஈவில் டெட்’ இயக்குநர் சாம் ரெய்மி, லூவின் உதவியாளாக வந்து இடறி விழுவதும் முட்டிக்கொள்வதுமாகப் பழைய ஊமைப்பட நகைச்சுவையைத் தருகிறார். ரெய்மியும் டமாக்வாவில் வளர்ந்தவர். பில் பாக்ஸ்டன், எலிசபெத் பெர்கின்ஸ், கெவின் பொல்லாக் ஆகியோரிடம் பலகாலம் பழகியவர்களின் இயல்பு கூடியிருக்கிறது.

குறைகள் திரைக்கதையில் தொடங்குகின்றன. ஆளுக்கொரு பிரச்சினை, பிரச்சினைக்கொரு தீர்வு என்று பங்கு பிரித்ததில் எவருடைய வாழ்வும் முழுமையாகத் தெரிவதில்லை. பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள், எந்த ஊரில் எப்படி வாழ்கிறார்கள் என்பதெல்லாம் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறது. பல ஆண்டுக் கசப்பு ஒரு வாரத்தில் கரைகிறது. பழைய நண்பர்கள் மீண்டும் கூடும் படவகையில் முன்னோடியான ஜான் செயில்ஸின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி செகாகஸ் செவன்’ (1980) மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. அதில் கூடும் நண்பர்கள் ஒரு காலத்தில் போராட்டத்தில் நின்றவர்கள். அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்ற கேள்வி ஒவ்வொரு உரையாடலிலும் இருக்கிறது. லாரன்ஸ் காஸ்டனின் ‘தி பிக் சில்’ (1983) தற்கொலை செய்துகொண்ட நண்பனின் இறுதிச் சடங்கில் தொடங்குகிறது. அந்த நண்பன் அலெக்ஸாக கெவின் காஸ்ட்னர் நடித்த கடந்தகாலக் காட்சிகளைப் படத்தொகுப்பில் காஸ்டன் முற்றாக நீக்கிவிட்டார். பார்வையாளருக்கு அலெக்ஸின் முகமே தெரியாது. முகம் தெரியாததால்தான் எஞ்சியவர்கள் அவனைப் பற்றிச் சொல்வது ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உரியதாகிறது, இழப்பும் கனக்கிறது. ‘இந்தியன் சம்மர்’ அந்தத் துணிச்சலுக்குப் போவதில்லை. பெத்தின் கணவனும் அதே முகாம்காரன். ஆனாலும் அவனது சாவு மற்ற நண்பர்களை உலுக்குவதாகக் கதை காட்டுவதில்லை. அது பெத்தின் தனிச் சொத்தாக ஒதுங்கிக் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முகாமின் மேல் எந்தக் குற்றமும் நிலைக்க இந்தப் படம் விடுவதில்லை. ஜாக் வந்திருப்பதே பழைய கணக்கோடுதான். முகாம் எல்லாருக்கும் நியாயமாக இருந்ததா என்ற கேள்வி அவன் மூலம் வாசல்வரை வருகிறது. வந்த கேள்விக்குப் பதில் கிடைக்கும் முன்பே முதியவர் மீதான அன்பு அதை விழுங்கிவிடுகிறது. முடிவில் முகாமைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பையே ஜாக் ஏற்கிறான். ‘தி ஃபியூச்சர் ஆஃப் நாஸ்டால்ஜியா’ (2001) நூலில் ஸ்வெத்லானா போய்ம் நினைவேக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, இழந்த வீட்டை இருந்தபடியே மீண்டும் கட்டத் துடிப்பது. மற்றது, திரும்பிப் போக முடியாது என்று அறிந்து, அந்தத் தூரத்தை எண்ணிப் பார்ப்பது. பைண்டரின் காட்சிகள் இரண்டாம் வகை. வளர்ந்த உடம்புக்குக் கட்டில் பற்றவில்லை என்று அவை ஒத்துக்கொள்கின்றன. அவர் எழுதிய கதையோ முதல் வகை. முகாம் அப்படியே நீடிக்க வேண்டும், நீடிக்கும் என்கிறது. காட்சி ஒன்றைச் சொல்ல, கதை வேறொன்றைச் சொல்வதுதான் படத்தின் கடைசிப் பகுதி தளர்வதற்குக் காரணம்.

படத்துக்கு வெளியே இருக்கும் வரலாறும் இதில் சேர வேண்டும். அல்கான்குவின் பூங்கா 1893-இல் அமைக்கப்பட்டது; ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் பரப்பு. பூங்காவின் பெரும்பகுதி அல்கான்குவின் பழங்குடியினர் உரிமை கோரும் நிலம். அவர்களோடு கனடா, ஒன்டாரியோ அரசுகள் கொள்கை அளவிலான உடன்பாடு ஒன்றை எட்டியதே 2016-இல்தான். இந்தப் பகுதி முகாம்கள் பலவற்றில் நெடுங்காலம் பழங்குடிப் பெயர்களைச் சூட்டிக்கொள்வதும், இறகு அணிந்து தீ வளர்த்து ‘இந்தியச் சடங்கு’ நடத்துவதும் வழக்கமாக இருந்தன. நகரத்துப் பிள்ளைகள் இரண்டு மாதம் அனுபவித்துத் திரும்பும் காட்டில், அந்தக் காட்டின் மக்கள் வெறும் அலங்காரமாக ஆக்கப்பட்டார்கள். 1993-இன் நகைச்சுவைப் படம் ஒன்று இதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. ஆனால் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்லும் படைப்பு, அது யாருக்குப் பொற்காலம் என்று ஒரு பாத்திரத்தின் வாயாலாவது கேட்டிருக்க வேண்டும். கோடை முழுவதும் பிள்ளையை அனுப்பி வைக்கப் பணம் வேண்டும் என்பதைக்கூட இந்தப் படம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முகாம் நினைவு விலைபொருளாகவும் ஆகும் என்பதற்கும் டமாக்வாவே சான்று. அங்கே சிறுவர்களாகச் சந்தித்த மைக்கேல் பட்மனும் டான் கிரீனும் 1973-இல் டொரொன்டோவில் ரூட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பீவர் படம் போட்ட அதன் உடைகள் கனடாவின் அடையாளங்களில் ஒன்றாயின. அல்கான்குவின் ஏரியைப் பார்த்திராதவரும் அந்த ஏரியின் நினைவை வாங்கி அணிய முடிந்தது.

பின்னர் வந்த இரு படைப்புகள் இந்த வகைக்கு வேறு வழிகளைத் திறந்தன. டேவிட் வெயினின் ‘வெட் ஹாட் அமெரிக்கன் சம்மர்’ (2001), 1981 கோடையில் ஒரு முகாமின் கடைசி நாளைக் காட்டுகிறது. வளர்ந்த நடிகர்களே பதினாறு வயதுப் பிள்ளைகளாக நடிப்பது அதன் உத்தி. 2015-இல் அதே நடிகர்கள் இன்னும் மூத்துப்போன முகங்களோடு, அதே கோடையின் முதல் நாளை நடிக்க வந்தார்கள். கடந்த காலத்துக்குள் இன்றைய உடம்போடு நுழைவது இயலாத காரியம் என்ற உண்மையை அது கேலியாகச் சொன்னாலும் நேர்மையாகச் சொன்னது.

நிக்கோல் நியூன்ஹாமும் ஜேம்ஸ் லெப்ரெக்டும் இயக்கிய ‘கிரிப் கேம்ப்’ (2020) ஆவணப்படம் இன்னும் தொலைவு போகிறது. நியூயார்க் மாநிலத்தின் காட்ஸ்கில் மலைப்பகுதியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக நடந்த ஜெனட் முகாம் அதன் களம். லெப்ரெக்ட் அங்கே தங்கிய பிள்ளைகளில் ஒருவர். 1971-இல் அங்கே பதிவான காணொளியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, வீட்டில் தங்களைப் பொத்திப் பொத்தி வைப்பதைப் பற்றி ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து பேசுகிறார்கள். அவர்களில் பலர் 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டாட்சி அரசு அலுவலகத்தை மூன்று வாரங்களுக்கு மேல் விட்டகலாத உரிமைப் போராட்டத்தில் இருந்தார்கள். முன்னணியில் நின்றவர் அந்த முகாமில் வழிகாட்டியாக இருந்த ஜூடித் ஹியூமன். நடுவயது கடந்த நண்பர்கள் பழைய இடத்துக்குத் திரும்பும் காட்சி இதிலும் உண்டு. முகாம் அங்கே இல்லை. இருந்தும் காட்சி மனத்தைப் பிசைகிறது. அந்த இடம் அவர்களை என்ன செய்யத் தூண்டியது என்பதைப் பார்வையாளர் அதற்குள் பார்த்துவிட்டார். பைண்டரின் நண்பர்கள் ஏரிக்கரையில் பெற்ற துணிவை வெளியுலகில் எங்கே செலவழித்தார்கள் என்பதற்கு ‘இந்தியன் சம்மர்’ படத்தில் விடை இல்லை.

ஓர் இடத்தை அதில் வளர்ந்தவர் எடுத்த பதிவு என்ற அளவில் ‘இந்தியன் சம்மர்’ முதல் தரமானது; நாடகம் என்ற அளவில் இரண்டாம் தரம். வட அமெரிக்கத் திரையரங்குகளில் அது ஈட்டியது சுமார் ஒன்றரைக் கோடி டாலர். பெரிய வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆனால் முகாம்களில் வளர்ந்தவர்களிடையே அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. இதைப் பார்க்க விரும்புவோர் ‘கிரிப் கேம்ப்’ படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கதையில் மூடப்படும் நிலைக்கு வந்த டமாக்வா, உண்மையில் மூடப்படவில்லை. சவுத் டீ ஏரிக்கரையில் அது இன்றும் நடக்கிறது.