நந்தலால் போஸின் 'பாபுஜி': ஒப்புமையும் தாக்கமும்

இருபதாம் நூற்றாண்டின் அரசியல் சார்ந்த லினோலியச் செதுக்கோவியம் எதைக் கண்டாலும் அதற்கு மெக்சிகோவில் வேர் தேடும் போக்கு எளிதில் தலைதூக்குகிறது. 1937இல் மெக்சிகோ நகரில் தோன்றிய மக்கள் வரைகலைப் பட்டறை ஈட்டிய புகழே இதற்குக் காரணம். ஆனால் தண்டி யாத்திரையை ஒட்டி நந்தலால் போஸ் செதுக்கிய 'பாபுஜி' 1930ஆம் ஆண்டைச் சேர்ந்தது; அப்பட்டறைக்கு ஏழாண்டு மூத்தது. எனவே, இரண்டிற்கும் இடையே புலப்படும் ஒப்புமையைத் தாக்கமாகக் கொள்ள இயலாது.

ஒப்புமையின் ஒரு பகுதி ஊடகத்திலிருந்தே பிறக்கிறது. லினோலியத்தில் மரத்திற்குரிய நாரோட்டம் இல்லை. உளி எத்திசையிலும் தடையின்றி வளையும். செதுக்கப்பட்ட இடம் மை ஏற்காது வெண்மையாக நிற்கும். எந்நாட்டுக் கலைஞர் கையாளினும் கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலான இக்கடுமை தவிர்க்க முடியாதது. வேறுபாடு கோட்டில்தான் வெளிப்படுகிறது. 'பாபுஜி'யில் கைத்தடியூன்றி நடக்கும் உருவம் மிகச் சிக்கனமான கோடுகளால் அமைந்தது. புறக்கோட்டின் மீதான இந்நம்பிக்கைக்கு 1909-10இல் அஜந்தா சுவரோவியங்களைப் படியெடுத்த பயிற்சியையும், பிரெஞ்சுக் கலைஞர் ஆந்திரே கார்பலே சாந்திநிகேதனில் மரச்செதுக்கு கற்பித்த சூழலையும், 1924இல் தாகூருடன் மேற்கொண்ட சீன, ஜப்பானியப் பயணத்தையும் பின்புலமாகக் காட்டலாம். இவை தோற்றத்தை மட்டும் நம்பிய ஊகங்கள் அல்ல. ஆசிரியர், பயணம், பயிற்சி எனத் தடம் பற்றிச் செல்லத்தக்கவை.

மெக்சிகோவிலோ தாக்கம் வெளிப்படையாகவே அறிவிக்கப்படுகிறது. லியோபோல்டோ மெண்டெஸ் 1950களில் செதுக்கிய அஞ்சலி ஓவியத்தில், ஹோசே குவாதலூப்பே போசாதா (1852-1913) தம் பட்டறையில் செதுக்குக் கருவியுடன் அமர்ந்து, சாளரத்தின் வழியே தெருவில் நிகழும் அடக்குமுறையை நோக்குகிறார். போசாதாவோ பெரும்பாலும் உலோகத்தில் பணிபுரிந்தவர். மெண்டெஸின் ஊடகம் லினோலியம். ஆகவே மெண்டெஸ் அவரிடமிருந்து பெற்றது கைத்திறன் மட்டுமன்று, தெருவுக்குச் சாட்சியாக நிற்கும் கலைஞனின் இடமும் ஆகும். பெயர் சுட்டி ஏற்கப்பட்ட தாக்கமே இத்தனை சிக்கலானதெனில், பெயர் சுட்டாத ஒன்றைப் பார்வை ஒப்புமையால் நிறுவுவது எவ்வளவு துணிச்சலானது!

தென்சென்னைப் புறநகருக்கும் இவ்வினா அயலானதன்று. ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், மேலைத் தாக்கத்திலிருந்து விலகும் வழியை 1963 முதலே 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் தொடரில் தேடிவந்தார். அத்தொடரில் பால் கிளேயை மட்டும் காணும் விமரிசனம், அங்கு வெளிப்படையாகக் கிடக்கும் ஜாதகக் கட்டங்களைக் காணத் தவறுகிறது.